உப்புக் கல்லைச் செதுக்கியவர் யார்?



மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளும் ஊர்கள் இக்கரையில் பல உண்டு. மரக்காணத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் வேலை மும்முரமாகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்நாட்களிலேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்த வரப்புகளைத் தையில் சீர்செய்து, பாத்திகளை மிதித்து இறுக்கி, உப்புநீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளில் ஏற்றுகிறார்கள். வெயிலும் காற்றும் தம் வேலையைச் செய்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்ஸமும் படிந்து விலகுகின்றன. நீரின் அடர்த்தி போமே அளவில் 25 பாகையைத் தாண்டும்போது நாம் உண்ணும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29 பாகையை ஒட்டி மிச்சமுள்ள கசப்பு நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். விடாவிட்டால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். அனுபவசாலியான தொழிலாளிக்குக் கருவி வேண்டுவதில்லை; நீரின் நிறத்தையும் பாதத்தில் படும் பதத்தையும் கொண்டே சொல்லிவிடுவார்.

வாரிக் குவித்த உப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ஆறு முகங்கள், நேர்க்கோடுகள், செங்கோணங்கள். தேர்ந்த சிற்பி உளி பிடித்துச் செதுக்கினாற்போன்ற கனசதுரம். சிலவற்றில் முகங்கள் படிப்படியாக உள்ளே குழிந்து, சிறு திருக்குளத்தின் படித்துறைபோல் அமைந்திருக்கும்.

"இதைச் செதுக்கியவர் யார்? மனிதன் அல்லன். ஆகவே இறைவன். இதோ கண்கூடான நிரூபணம்!" என்று பிரசங்க மேடைகளில் சொல்வதுண்டு. கேட்பவர்கள் கரகோஷம் செய்வதும் உண்டு. பகவானிடத்தில் உள்ள அன்பினால் சொல்லப்படுவதாகையால் அதைக் குறைகூற மனம் வருவதில்லை. ஆயினும் ஸ்ரீபாஷ்யகாரர் திருவடி ஸம்பந்தம் உடையவர்கள் இந்த யுக்தியைக் கையாளலாமா என்பதைச் சற்று நின்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரிக்க வேண்டியதற்குக் காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை பகலில் டார்வினைப் படிக்கிறான்; மாலையில் ஸந்நிதிக்கு வருகிறான். மேடையில் ஒருவர், "டார்வின் சொன்னது பொய், உயிர்களின் அமைப்பைப் பார்த்தாலே ஒரு வடிவமைப்பாளன் தெரிகிறான், மேல்நாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்கிறார். பிள்ளை இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்று எண்ணுகிறான். எதை விடுகிறான் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். பெரும்பாலும் அவன் விடுவது ஸந்நிதியைத்தான்.

மேல்நாட்டில் நடந்தது என்ன என்பதை முதலில் உள்ளபடி தெரிந்துகொள்வது நலம். 1802-இல் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு நூல் எழுதினார். வெட்டவெளியில் ஒரு கைக்கடிகையைக் கண்டால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று ஊகிக்கிறோம். அதைவிட நுட்பமான கண்ணையும் செவியையும் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டாமா என்பது அவர் வாதம். 1859-இல் டார்வின் தமது நூலில், சிறு சிறு மாறுதல்களும் இயற்கைத் தேர்வும் நெடுங்காலம் சேர்ந்தால் அத்தகைய நுட்பம் உண்டாகக்கூடும் என்று காட்டினார். நூற்றாண்டு கடந்து அமெரிக்காவில் பேலியின் வாதம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் புதுப்பெயருடன் எழுந்தது. மைக்கேல் பீஹி என்னும் உயிர்வேதியியல் பேராசிரியர் 1996-இல் எழுதிய நூல் அதற்குத் தூண். பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் சாட்டை போன்ற இழையை அவர் உதாரணம் காட்டினார். சுமார் நாற்பது வகைப் புரதங்கள் கூடிய பொறி அது. ஒன்றை எடுத்தாலும் ஓடாது. ஆகவே படிப்படியாக உண்டாகியிருக்க முடியாது. ஆகவே ஒருவன் வடிவமைத்தான் என்றார்.

பென்ஸில்வேனியா மாநிலத்தில் டோவர் என்னும் சிற்றூரின் பள்ளி வாரியம் 2004-இல் இதை மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. ஆசிரியர்கள் அந்த அறிவிப்பை வகுப்பில் வாசிக்க மறுத்தனர். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை விசாரணை நடந்தது. டிசம்பர் 20-இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கங்கள் கொண்ட தீர்ப்பை வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு விஞ்ஞானம் அன்று என்பது தீர்ப்பு. அது உண்மையாகவே இருக்கலாம்; அதைப் பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அது விஞ்ஞானம் அன்று என்று அவர் பிரித்துச் சொன்னதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். தெய்வ நம்பிக்கைக்கு எதிராக வந்த தீர்ப்பு என்று இதை நினைப்பதும் தவறு. பெற்றோர் தரப்பில் முதலில் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் கத்தோலிக்க பக்தர்.

அந்த விசாரணையில் ஒரு ரஸமான கட்டம். விஞ்ஞானக் கொள்கை என்பதற்குப் பீஹி தாமே ஒரு விரிந்த இலக்கணம் வகுத்திருந்தார். "உமது இலக்கணப்படி ஜோதிஷமும் விஞ்ஞானக் கொள்கையாகிவிடுமே?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ஆகும் என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பஞ்சாங்கம் பார்க்கும் நம்மவர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் அதிவ்யாப்தி தோஷம் உள்ள லக்ஷணம் லக்ஷணமே அன்று என்பது தர்க்கம் படிக்கும் முதல் ஆண்டு மாணவனுக்கே தெரியும்.

பீஹியின் யுக்தியை நம் நியாய சாஸ்திரத்தில் வைத்துப் பார்த்தால் அது பாரிசேஷ்யம். 'இது, அல்லது அது. அது இல்லை. ஆகவே இது' என்பது அதன் வடிவம். இருக்கக்கூடிய எல்லா வழிகளையும் எண்ணி முடித்து, ஒன்று நீங்கலாக மற்றவற்றை விலக்கினால்தான் பாரிசேஷ்யம் செல்லும். டார்வின் கூற்றில் ஒரு குறை கண்டால் வடிவமைப்பாளன் தானே நிலைநாட்டப்பட்டுவிடுவதில்லை. இன்னும் அறியப்படாத மூன்றாவது வழி இருக்கலாம். விலக்கிய வழியும் உண்மையில் விலகவில்லை. பிளேக் நோயின் கிருமி நம் உடலின் அணுக்களுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற ஓர் உறுப்பைக் கொண்டது. நீந்தும் இழையின் அடிப்பாகத்தில் உள்ள புரதங்களை ஒத்தவை அதிலும் உள்ளன. முழுமை பெறாத பொறியும் வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது என்பது அதனால் விளங்கிற்று. வ்யாப்தி முறிந்தது.

இந்தச் சண்டை மேல்நாட்டாருக்குப் புதிது. பாரத தேசத்துக்குப் பழையது. நையாயிகர்கள் ஈச்வரனை அனுமானத்தால் சாதித்தவர்கள். மண்ணும் மலையும் காரியப் பொருள்கள், அவயவங்கள் உடையவையாகையால், குடத்தைப் போல; காரியமாயின் கர்த்தா ஒருவன் உண்டு, குடத்துக்குக் குயவன் போல என்பது அவர்கள் அனுமானம். மிதிலையில் உதித்த உதயனாசார்யர் நியாயகுஸுமாஞ்ஜலியில் இதை ஒன்பது ஹேதுக்களால் பலப்படுத்தினார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பூரி ஜகந்நாதர் ஸந்நிதிக் கதவு சாத்தியிருக்கக் கண்டு, "பௌத்தர்கள் வாதுக்கு வரும்போது உம்முடைய இருப்பு என் கையிலல்லவா இருக்கிறது!" என்று பெருமாளிடமே கோபித்துக்கொண்டாராம். பிரேமையின் கோபம்தான். ஆனாலும் தன் யுக்தியின் பலத்தால் பெருமாள் இருக்கிறார் என்று ஒருவர் நினைக்கும்படி ஆகிவிட்டதே!

பௌத்தரான தர்மகீர்த்தி ஏழாம் நூற்றாண்டிலேயே இதற்கு ஓர் ஆக்ஷேபம் சொல்லிவிட்டார். குடம் மண்ணின் உருமாற்றம். புற்றும் மண்ணின் உருமாற்றம். வடிவம் உடையது என்ற அளவில் கர்த்தாவை ஊகித்தால் புற்றையும் குயவன் செய்ததாகச் சொல்ல வேண்டிவரும் என்றார். குயவன் குடம் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே குடத்தைக் கண்டால் குயவனை ஊகிக்கிறோம்.

மரக்காணத்து உப்பு இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுகின்றனர். இங்கே மண்ணைத் தோண்டும்போது ஒரு பழைய பானை ஓடு கிடைத்தால் இங்கு மனிதர் வாழ்ந்தனர் என்று சொல்வது பிழையற்ற அனுமானம். வரப்பைக் கண்டால் வரப்புக் கட்டியவரையும், குவியலைக் கண்டால் வாரிக் குவித்தவரையும் ஊகிக்கலாம். ஆனால் குவியலுக்குள் இருக்கும் ஒரு கல்லின் சதுரத்தைக் கண்டு உளி பிடித்த ஒருவரை ஊகித்தால் அது தவறிப்போகிறது. 1913-இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு உப்பின் உள்ளமைப்பைக் கண்டறிந்தனர். சோடியமும் குளோரினும் மாறி மாறி மூன்று திசையிலும் அடுக்கப்பட்டு நிற்கின்றன. அடுக்கே சதுரம், ஆகவே வளர்ந்த கல்லும் சதுரம். கோடிக்கணக்கான கற்களை உப்பளத் தொழிலாளி விளைவிக்கிறார். ஒன்றையும் அவர் செதுக்கவில்லை.

இனி, ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த பாஷ்யகாரர் இதில் என்ன நிலை எடுத்தார் என்பதுதான் முக்கியம். பலர் அறியாத செய்தி இது. ப்ரஹ்ம ஸூத்திரத்தின் இரண்டாவது ஸூத்திரம், உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவை எவனிடமிருந்தோ அவனே பிரஹ்மம் என்கிறது. உடனே, அப்படியானால் அவனைக் குயவன் உதாரணத்தாலேயே அறிந்துகொள்ளலாமே, வேதம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை மூன்றாவது ஸூத்திரம். சாஸ்த்ரயோநித்வாத் என்ற ஒரே சொல். அவனை அறியும் வழி சாஸ்திரம் ஒன்றே.

இந்த இடத்தில் எம்பெருமானார் நாஸ்திகரின் வாதங்களை மறுப்பார் என்று எதிர்பார்ப்போம். அவரோ ஆஸ்திகரான நையாயிகரின் நிரூபணத்தை எடுத்துத் துண்டு துண்டாக்குகிறார். உலகிலுள்ளவை காரியப் பொருள்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவை யாவும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன பிரமாணம்? குடங்களும் சுவர்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மனிதரால் செய்யப்படுவதை அன்றோ காண்கிறோம். மலையையும் கடலையும் சாதாரண ஜீவன் செய்ய மாட்டான் என்றால், புண்ணிய விசேஷத்தால் பெருஞ்சக்தி பெற்ற ஜீவர்கள் பலர் செய்திருக்கலாமே; ஈச்வரன் எதற்கு? மேலும் நாம் கண்ட கர்த்தா ஒவ்வொருவனும் சரீரம் உடையவன், கருவி வேண்டுபவன், ஆசை உடையவன், அளவான சக்தி உடையவன். அந்த உதாரணத்தைக் கொண்டு ஊகித்தால் ஊகத்தில் அகப்படுபவனும் அப்படிப்பட்டவனாகவே இருப்பான். அவனுக்குச் சரீரம் இல்லை என்றால் உதாரணம் கைவிட்டுப் போயிற்று. சரீரம் உண்டு, அது நித்தியம் என்றால், அவயவம் உடைய ஒன்று நித்தியமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டபடியாகிறது. அப்படியானால் உலகமே நித்தியமாக இருக்கட்டுமே, கர்த்தா வேண்டாமே. சரீரம் அநித்தியம் என்றால் அந்தச் சரீரத்தைச் செய்தவன் யார் என்று கேள்வி நீளும்.

ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹ்யூம் என்னும் தத்துவாசிரியர் இதே ஆக்ஷேபங்களில் சிலவற்றை எழுதியது 1779-இல் அச்சாயிற்று. பாஷ்யகாரரோ 1017-இல் திருவவதரித்தவர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே காவிரிக்கரையில் சொல்லி முடித்தாயிற்று. ஆனால் ஹ்யூம் நின்ற இடம் ஸந்தேகம்; எம்பெருமானார் நின்ற இடம் சரணாகதி. அனுமானத்தால் கிடைக்கும் ஈச்வரன் ஒரு பெரிய குயவன். வேதாந்தத்தில் கூறப்படும் புருஷோத்தமனோ மற்றெல்லாவற்றினின்றும் வேறுபட்டவன், ஹேயம் ஒன்றும் அற்றவன், கல்யாண குணங்களுக்குக் கடல் போன்றவன். அவனைக் குயவனாகக் குறைத்துக்கொடுக்க அவர் ஸம்மதிக்கவில்லை. பரமாசார்யரான ஆளவந்தார் அருளிய ஈச்வரஸித்தியில், கிடைத்துள்ள பகுதியில், அனுமான பக்ஷம் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. நூல் முழுவதும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் ஸித்தாந்தத்தை நிலைநிறுத்தும் இடத்தில் பாஷ்யகாரர் தாட்சண்யம் பார்க்கவில்லை. அவர் பக்தியில் நமக்கு ஸந்தேகம் உண்டோ? இல்லையெனில் இதிலும் அவர் வழி நிற்பதே முறை.

குயவ ஈச்வரனை ஏற்பதால் வரும் கஷ்டம் ஏட்டளவில் நிற்பதுமில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுவையை ஒட்டிக் கரை கடந்தது. அருகிலுள்ள மயிலத்தில் ஒரு நாளில் பெய்த மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். மரக்காணத்து உப்பளங்கள் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாதபடி வெள்ளத்தில் மூழ்கின. உப்புக் கல்லின் அழகைக் காட்டி, 'இதோ அவன் கைவேலை, இதுவே நிரூபணம்' என்று மேடையில் சொன்னவரிடம், அந்த மழையில் உப்பையும் கூலியையும் இழந்தவர் வந்து, 'இதுவும் அவன் கைவேலைக்கு நிரூபணமோ? இதிலிருந்து அவனுடைய எந்தக் குணத்தை ஊகிக்கச் சொல்கிறீர்?' என்று கேட்டால் என்ன விடை? செய்த பொருளைக் கொண்டு செய்தவனை அளப்பது என்று தொடங்கிவிட்டால் நல்ல பானையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள இயலாது. ஓட்டைப் பானையும் கணக்கில் சேரும். சாஸ்திரத்தால் அவனைத் தயாநிதி என்று அறிந்து பற்றியவருக்கும் துக்கம் உண்டு, அழுகை உண்டு. ஆனால் அவனிடமே சென்று அழலாம். அவன் இருக்கிறானா என்பதை வானிலை அறிக்கை பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

தசாவதாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்ஸ்யம் நீர்வாழ்வது, கூர்மம் இரண்டிலும் வாழ்வது, வராஹம் நிலத்தது, நரஸிம்ஹம் பாதி மனிதன். ஆகவே டார்வினுக்கு முன்னமே நம்மவர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று எத்தனையோ மலர்களில் அச்சாகியிருக்கிறது. இந்தக் கருத்து நம் பூர்வாசார்யர்களிடமிருந்து வந்ததன்று. 1877-இல் பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதிய நூலில் காணப்படுவது. அதாவது டார்வின் நூல் வெளிவந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜலந்தர் அருகே கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டில் ஒரு துணைவேந்தர், தசாவதாரம் டார்வின் கொள்கையைவிட மேலானது என்றார். மத்ஸ்யம் குட்டி போட்டுக் கூர்மம் பிறந்ததென்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அவதாரம் என்பது அவன் தன் இச்சையால், ஸாதுக்களைக் காக்க இறங்கி வருவது. அதில் 'முன்னேற்றம்' காண்பது, மீனாய் வந்தபோது அவன் குறைவுடையவனாய் இருந்தான் என்று சொல்வதாக முடியும். அது அபசாரம்.

2023-இல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பாடச்சுமையைக் குறைப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், சில ஆஸ்திகர்கள் அதைக் கேட்டு மகிழ்ந்ததுதான் வருத்தத்துக்குரியது. நெருப்பு குளிர்ந்தது என்று நூறு வேத வாக்கியங்கள் சொன்னாலும் அது பிரமாணமாகாது என்று அத்வைத பாஷ்யம் செய்த சங்கரரே எழுதினார். கண்ணுக்கும் ஊகத்துக்கும் எட்டும் பொருளைச் சொல்ல சாஸ்திரம் வரவில்லை. எட்டாததைச் சொல்லவே வந்தது என்பதில் வேதாந்திகளுக்குள் பேதமில்லை. எலும்புகளின் வரிசையும் பாறைகளின் வயதும் கண்ணுக்கும் ஊகத்துக்கும் எட்டும் பொருள்கள். அவற்றை ஆராய்பவர்கள் ஆராயட்டும். தவறினால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் சாஸ்திரத்தின் பெருமை. எந்தச் சோதனையாலும் பொய்யென்று காட்ட இயலாதபடி ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிடுவது அவர்களுக்கும் உதவாது, நமக்கும் உதவாது.

அப்படியானால் உப்புக் கல்லில் பெருமாளுக்கு இடம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. குயவன் குடத்துக்கு வெளியே நிற்பவன், மண் அவனுடையதன்று. விசிஷ்டாத்வைதத்தில் பகவான் நிமித்த காரணம் மட்டுமல்லன், உபாதான காரணமும் அவனே. சேதனமும் அசேதனமும் அவனுக்குச் சரீரம்; உள்ளே நின்று நியமிப்பவன் அவன். சோடியமும் குளோரினும் அடுக்கப்படும் ஒழுங்கைப் பிராக் கண்டுபிடித்ததால் அவனுக்கு இடம் குறைந்துவிடவில்லை. விஞ்ஞானி விளக்காமல் விட்ட பொந்துகளில் அவன் ஒளிந்திருக்கவுமில்லை. ஆனால் அவன் உள்ளே நிற்கிறான் என்பதைப் பூதக்கண்ணாடி காட்டாது.

இதை உப்பைக் கொண்டே ஒரு தகப்பனார் மகனுக்குக் காட்டினார். சாந்தோக்கியத்தில் ஆறாவது அத்தியாயம். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் படித்து, எல்லாம் தெரியும் என்ற கர்வத்தோடு திரும்பிய சுவேதகேதுவிடம் உத்தாலகர் ஓர் உப்புக் கட்டியைக் கொடுத்து, இரவில் அதை நீரில் போட்டு வைக்கச் சொன்னார். காலையில் அந்தக் கட்டியை எடுத்து வா என்றார். மகன் கையால் துழாவினான், அகப்படவில்லை. மேலே எடுத்துப் பருகு என்றார்; உப்புக் கரித்தது. நடுவில் எடுத்துப் பருகு என்றார், உப்புக் கரித்தது. அடியில் எடுத்துப் பருகினான், அங்கும் அப்படியே. கண் தேடியும் கிடைக்கவில்லை, கை தேடியும் கிடைக்கவில்லை, நாவுக்குத் தெரிந்தது. இருபத்துநான்கு வயதுப் பிள்ளை அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஸத்தும் இங்கேயே இருக்கிறது, நீ காணவில்லை என்றார் தகப்பனார். இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டான் மகன்.